மொரீசியஸ் வழியாக வந்த பணம்

2000 ஏப்ரலுக்கும் 2016 மார்ச்சுக்கும் இடையில் இந்தியாவுக்குள் வந்த அந்நிய நேரடிப் பங்கு முதலீட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மொரீசியஸிலிருந்து வந்தது என்று மத்திய அரசின் புள்ளிவிவரம் சொல்கிறது. தொகையில் அது சுமார் 9,590 கோடி டாலர். அதே காலத்தில் அமெரிக்கா, ஜப்பான், ஜெர்மனி ஆகிய மூன்று நாடுகளும் சேர்ந்து அனுப்பியது இதைவிட மிகக் குறைவு. மொரீசியஸோ பரப்பில் நம் கன்னியாகுமரி மாவட்டத்தைவிடச் சற்றே பெரிய, மக்கள்தொகையில் அதைவிடச் சிறிய தீவு நாடு. அதன் ஓராண்டு மொத்த உற்பத்தி 2016 வாக்கில் 1,200 கோடி டாலர் அளவில்தான் இருந்தது. உண்ணாமல் உடுத்தாமல் அந்நாட்டு மக்கள் எட்டாண்டு உழைத்ததை அப்படியே இந்தியாவுக்கு அனுப்பினால்தான் அந்தத் தொகை கணக்காகும்.

வெளிநாட்டு முதலீடு பெறும் நிறுவனங்களுக்கான படிவங்களைத் தயாரித்து ரிசர்வ் வங்கிக்கு அனுப்பும் வேலையில் இருப்பவன் என்பதால், இந்தப் புள்ளிவிவரம் எப்படி உருவாகிறது என்பதை நான் அருகிலிருந்தே பார்த்து வருகிறேன். பங்குகளை ஒதுக்கிய முப்பது நாட்களுக்குள் எஃப்.சி.-ஜி.பி.ஆர். என்ற படிவத்தைத் தாக்கல் செய்ய வேண்டும். அதில் முதலீட்டாளரின் பெயர், முகவரி, நாடு ஆகியவற்றுக்குக் கட்டங்கள் உண்டு. நாடு என்ற கட்டத்தில் நாம் எழுதுவது, பணத்தை அனுப்பிய நிறுவனம் எங்கே பதிவாகியிருக்கிறதோ அந்த நாட்டை. அந்த நிறுவனத்துக்குப் பின்னால் டெக்ஸாஸ் மாநிலத்து ஆசிரியர்களின் ஓய்வூதிய நிதி இருந்தாலும் சரி, துபாயில் இருக்கும் வணிகர் ஒருவர் இருந்தாலும் சரி, மும்பையிலேயே குடியிருக்கும் ஒரு தொழிலதிபர் இருந்தாலும் சரி, புள்ளிவிவரத்தில் ஏறுவது மொரீசியஸ்தான்.

உலக நிதியின் புவியியல் என்று சொன்னால் லண்டன், நியூயார்க், ஹாங்காங் ஆகிய நகரங்களின் உயரமான கட்டடங்கள் நினைவுக்கு வருவது இயல்பு. ஆனால் பணம் நாடுவிட்டு நாடு செல்லும் பாதையைத் தீர்மானிப்பவை பெரும்பாலும் சட்டப் பிரிவுகளே என்பது என் கருத்து. மொரீசியஸின் விஷயத்தில் அது ஒரே ஒரு பிரிவு. இந்தியாவுக்கும் மொரீசியஸுக்கும் இடையே 1982-இல் கையெழுத்தான இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தத்தின் 13-வது பிரிவு, பங்குகளை விற்றுக் கிடைக்கும் ஆதாயத்துக்கு விற்பவர் எந்த நாட்டில் வசிப்பவரோ அந்த நாடு மட்டுமே வரி விதிக்கலாம் என்றது. மொரீசியஸில் மூலதன ஆதாய வரியே கிடையாது. ஆக, மொரீசியஸ் நிறுவனம் ஒன்று இந்தியப் பங்குகளை வாங்கி விற்றால், இரு முறை வரி கட்டுவதைத் தவிர்ப்பதற்காக எழுதப்பட்ட ஒப்பந்தத்தின் துணையோடு ஒரு முறைகூட வரி கட்டாமல் போகலாம்.

ஒப்பந்தத்தை எழுதியவர்கள் இதை முன்கூட்டியே அறிந்திருந்தார்களா என்று பலர் கேட்கிறார்கள். 1982-இல் அந்தக் கேள்விக்கு இடமே இல்லை. அப்போது நடைமுறையில் இருந்த 1973-ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டம் பெரும்பாலான துறைகளில் வெளிநாட்டுப் பங்கை 40 சதவீதத்துக்குள் நிறுத்தியிருந்தது. இந்தியப் பங்குச்சந்தை வெளிநாட்டு நிறுவன முதலீட்டாளர்களுக்குத் திறக்கப்படவில்லை. வராத விருந்தாளிக்கு எழுதிவைத்த சலுகையாகவே அந்தப் பிரிவு பத்தாண்டுகள் உறங்கிக் கிடந்தது. 1991-இல் பொருளாதாரக் கதவு திறந்தது. 1992 செப்டம்பரில் வெளிநாட்டு நிறுவன முதலீட்டாளர்கள் பங்குச்சந்தைக்குள் அனுமதிக்கப்பட்டார்கள். அதே 1992-இல் மொரீசியஸ் தன் நாட்டில் வெளிநாட்டு வணிகத்துக்கான நிறுவனங்களைப் பதிவு செய்யத் தனிச்சட்டம் கொண்டுவந்தது. இரண்டும் ஒன்று சேர்ந்தபோது உறங்கிய பிரிவு விழித்துக்கொண்டது.

ஒப்பந்தம் மட்டுமே போதாது. அதுபோன்ற சலுகையை வேறு சில நாடுகளுக்கும் இந்தியா தந்திருந்தது. மொரீசியஸுக்கு வேறு வசதிகளும் இருந்தன. பிரெஞ்சுக்காரர்கள் ஆண்டு, 1810-இல் பிரிட்டிஷாரிடம் கைமாறிய தீவு என்பதால், அங்கே நிறுவனச் சட்டம் ஆங்கிலேய மரபிலும் குடிமைச் சட்டம் பிரெஞ்சு மரபிலும் இருக்கின்றன. படித்தவர்கள் இரு மொழிகளிலும் புலமை உள்ளவர்கள். இறுதி மேல்முறையீடு இன்றும் லண்டனில் உள்ள பிரிவி கவுன்சிலுக்கே செல்கிறது. தன் பணத்துக்கு ஏதாவது நேர்ந்தால் தீர்ப்புச் சொல்லப்போவது யார் என்பதைப் பார்த்துத்தான் வெளிநாட்டு நிதி மேலாளர் கையெழுத்திடுவார். கடிகாரத்தைப் பார்த்தாலும், மும்பைக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால், லண்டனுக்கு மூன்று அல்லது நான்கு மணி நேரம் முன்னால் இருக்கும் இடம் அது. ஒரே வேலை நாளில் இரு சந்தைகளோடும் பேசிவிடலாம்.

இந்த நிறுவனங்களின் கோப்பு ஒன்றைத் திறந்தால் இருப்பது இதுதான். முகவரி, தலைநகர் போர்ட் லூயிஸிலோ அதற்குத் தெற்கே உள்ள எபேன் சைபர் சிட்டியிலோ இருக்கும், பிற நிறுவனங்களின் அலுவல்களைக் கட்டணத்துக்குக் கவனித்துக்கொள்ளும் ஒரு நிர்வாக நிறுவனத்தின் முகவரியாக இருக்கும்; அதே தளம், அதே கதவு எண், வேறு பல நிறுவனங்களின் கோப்புகளிலும் இருக்கும். இயக்குநர்களில் இருவர் மொரீசியஸில் வசிப்பவர்கள்; அவர்கள் அந்த நிர்வாக நிறுவனத்தின் ஊழியர்களாகவே பெரும்பாலும் இருப்பார்கள். இயக்குநர் குழுக் கூட்டம் மொரீசியஸிலிருந்து நடத்தப்பட வேண்டும், முதன்மை வங்கிக் கணக்கு அங்கே இருக்க வேண்டும், கணக்குப் புத்தகங்கள் அங்கே வைக்கப்பட வேண்டும், தணிக்கையாளர் அந்நாட்டவராக இருக்க வேண்டும் என்பவை விதிகள். அவை எழுத்துப் பிசகாமல் பின்பற்றப்பட்டிருக்கும். எல்லாவற்றுக்கும் மேலே, மொரீசியஸ் வருவாய்த் துறை வழங்கிய, இந்நிறுவனம் எங்கள் நாட்டில் வசிப்பது என்று சொல்லும் ஒரு பக்கச் சான்றிதழ். எங்கள் வட்டாரத்தில் அதை டி.ஆர்.சி. என்போம். பல கோடி ரூபாய் வரி அந்த ஒரு தாளைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு நின்றது. (எபேன் சைபர் சிட்டியின் முதன்மைக் கோபுரம் இந்திய அரசின் கடனுதவியில் எழுந்தது என்பதையும் இங்கே சொல்லிவிடலாம்.)

அந்தத் தாளின் வலிமை 2000-ஆம் ஆண்டில் சோதனைக்கு வந்தது. மொரீசியஸ் முகவரி கொண்ட சில முதலீட்டு நிறுவனங்களுக்கு, இவை பெயரளவில்தான் அந்நாட்டு நிறுவனங்கள் என்று கூறி மும்பை வருமான வரி அதிகாரிகள் வரி கேட்டார்கள். சந்தை சரிந்தது. மத்திய நேரடி வரிகள் வாரியம் அவசரமாக ஏப்ரல் 13 அன்று 789-ஆம் எண் சுற்றறிக்கையை வெளியிட்டு, மொரீசியஸின் வசிப்பிடச் சான்றிதழே போதுமான ஆதாரம் என்றது. பொதுநல வழக்கில் தில்லி உயர் நீதிமன்றம் 2002-இல் அந்தச் சுற்றறிக்கையை ரத்து செய்தது. 2003 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதை மீண்டும் உயிர்ப்பித்தது. அத்தீர்ப்பில் ஓர் இடம் என்னை எப்போதும் யோசிக்க வைக்கும். முதல் பார்வைக்குத் தீமையாகத் தோன்றும் சில நிதி வழக்கங்களை, நீண்டகால வளர்ச்சியின் பொருட்டு வளரும் நாடுகள் சகித்துக்கொள்கின்றன. பற்றாக்குறை நிதியாக்கம், அதாவது வருவாய்க்கு மேல் அரசு செலவு செய்வது, அவற்றில் ஒன்று, சலுகை உள்ள ஒப்பந்தத்தைத் தேடிச் செல்வது இன்னொன்று என்று நீதிபதிகள் கருத்துரைத்தார்கள். முதலீடு வேண்டும் என்றால் வரியைக் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும், எவ்வளவு விட்டுக்கொடுப்பது என்பது அரசு எடுக்க வேண்டிய முடிவு என்பதே அதன் சாரம்.

அந்த வாதத்தை நான் முழுமையாக நிராகரிக்கவில்லை. 1991-இல் இறக்குமதிக்குச் சில வாரங்களுக்கு மட்டுமே போதுமான அந்நியச் செலாவணியோடு தங்கத்தை அடகு வைத்த நாடு, அடுத்த சில ஆண்டுகளில் எந்த வழியாகப் பணம் வந்தாலும் கதவைத் திறந்து வைத்தது புரிந்துகொள்ளக்கூடியதே. தொலைத்தொடர்பு, தனியார் வங்கிகள், துறைமுகங்கள் ஆகிய துறைகளில் அன்று கொட்டப்பட்ட மூலதனத்தில் மொரீசியஸ் முகவரியோடு வந்தது கணிசமானது. இந்திய வரிச் சட்டங்களின் தெளிவின்மையைக் கண்டு தயங்கிய ஓய்வூதிய நிதிகளுக்கு அந்த ஒப்பந்தம் ஒரு நிச்சயத்தைத் தந்தது. ஆனால் 1993-இல் நியாயமாக இருந்த ஒரு சலுகை, செலாவணிக் கையிருப்பு 30,000 கோடி டாலரைத் தாண்டிய 2008-இலும் அதே காரணத்துக்காக நீடித்ததை என்னால் ஏற்க முடியவில்லை.

சலுகையால் பாதிக்கப்பட்டவர்கள் யார் என்ற கேள்விக்குத் துல்லியமாகப் பதில் சொல்ல வேண்டும். சந்தையில் பட்டியலிடப்பட்ட பங்கை ஓராண்டுக்கு மேல் வைத்திருந்து விற்றால் கிடைக்கும் ஆதாயத்துக்கு 2004 அக்டோபரிலிருந்து 2018 வரை இந்தியக் குடிமகனுக்கும் வரி இல்லை. ஆகவே நீண்டகாலமாகப் பங்கை வைத்திருந்த வெளிநாட்டு நிதிக்கு அந்தக் காலத்தில் மொரீசியஸ் தந்த கூடுதல் லாபம் சொற்பம். லாபமெல்லாம் குறுகிய காலத்தில் வாங்கி விற்றவர்களுக்கும், பட்டியலிடப்படாத நிறுவனங்களின் பங்குகளைப் பெருந்தொகைக்குக் கைமாற்றியவர்களுக்கும்தான். பங்கை ஆறு மாதத்தில் விற்ற மதுரைக்காரர் வரி கட்டினார். அதே பங்கை அதே நாளில் மொரீசியஸ் நிறுவனத்தின் பெயரில் விற்றவர் கட்டவில்லை. வளர்ச்சிக்குத் தேவையான பொறுமையான மூலதனத்தைவிட, அவசரப்பட்ட மூலதனத்துக்கே சலுகை அதிகமாகப் பயன்பட்டது என்றால், வளர்ச்சி வாதத்தின் அடித்தளமே ஆட்டம் காண்கிறது.

இன்னொன்று, இந்தியர்களின் பணமே வெளியே சென்று வெளிநாட்டு முதலீடு என்ற பெயரில் திரும்பி வந்தது. ரவுண்ட் ட்ரிப்பிங் என்று நிதி உலகம் அழைக்கும் இதைப் பற்றி வெளியில் இருப்பவர்கள் மட்டும் பேசவில்லை. 2012 மே மாதம் நிதி அமைச்சகம் வெளியிட்ட கருப்புப் பணம் குறித்த வெள்ளை அறிக்கையே, 2000 ஏப்ரல் முதல் 2011 மார்ச் வரையிலான முதலீட்டில் மொரீசியஸின் பங்கு 41.8 சதவீதம் என்று குறிப்பிட்டு, இவ்வளவு சிறிய பொருளாதாரத்திலிருந்து இவ்வளவு பெரிய தொகை வர முடியாது, வரியைத் தவிர்க்கவோ உண்மையான உரிமையாளரை மறைக்கவோ அந்த வழி பயன்படுத்தப்படுகிறது, அவர்களில் பலர் இந்தியாவிலேயே வசிப்பவர்களாக இருக்கலாம் என்ற பொருளில் எழுதியது.

முகவரியை வைத்து வரி விதித்தால் என்ன ஆகும் என்பதற்கு வோடஃபோன் வழக்கைவிடப் பொருத்தமான உதாரணம் இல்லை. 2007-இல் ஹட்சிசன் குழுமம் தன் இந்திய செல்பேசி வணிகத்தை 1,100 கோடி டாலருக்கு மேல் பெற்றுக்கொண்டு வோடஃபோனுக்கு விற்றது. சட்டப்படி விற்கப்பட்டது கேமன் தீவில் பதிவான சி.ஜி.பி. என்ற நிறுவனத்தின் ஒரே ஒரு பங்கு. அதன் கீழே மொரீசியஸ் நிறுவனங்களின் ஒரு சங்கிலி, சங்கிலியின் கடைசியில் கோடிக்கணக்கான இந்திய வாடிக்கையாளர்கள். 2012 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இந்த விற்பனைக்கு இந்தியா வரி கேட்க முடியாது என்றது. அரசு அதே ஆண்டு முன்தேதியிட்டுச் சட்டத்தைத் திருத்தியது. உலகெங்கும் கண்டனம் எழுந்து, சர்வதேச நடுவர் மன்றங்களில் தோற்று, 2021-இல் திருத்தத்தைத் திரும்பப் பெற்றது. தொடக்கத்திலேயே ஓட்டையை அடைக்காத நாடு, பின்னர் சுவரையே இடித்துப் பார்த்த கதை அது.

மறுமுனையில் மொரீசியஸுக்கு என்ன கிடைத்தது என்பதையும் பார்க்காவிட்டால் இந்தக் கணக்கு பாதியாகிவிடும். 1961-இல் அந்தத் தீவை ஆராய்ந்த பொருளாதார அறிஞர் ஜேம்ஸ் மீட், கரும்பை மட்டுமே நம்பி மக்கள்தொகை பெருகிவந்த அதன் எதிர்காலத்தைப் பற்றி நம்பிக்கையின்றி எழுதினார். 1968-இல் விடுதலை பெற்றபோது ஏற்றுமதியில் பத்தில் ஒன்பது பங்கு சர்க்கரைதான். 1970-இல் ஏற்றுமதி மண்டலச் சட்டத்தின் வழியே ஆடைத் தொழில் வந்தது, பின்னர் சுற்றுலா, 1990-களில் நிதிச் சேவை. இன்று நிதித்துறை அந்நாட்டு உற்பத்தியில் எட்டில் ஒரு பங்குக்கு அருகில் இருக்கிறது. நிறுவன வரி 15 சதவீதம் என்று சொல்லிக்கொண்டு, 80 சதவீதத்தை வெளிநாட்டில் கட்டிய வரியாகக் கருதிக் கழித்து, நடைமுறையில் மூன்று சதவீதமே வாங்கிய காலத்திலும் அதன் பலன் தணிக்கையாளர், வழக்கறிஞர், வங்கி ஊழியர் வேலைகளாக அத்தீவில் தங்கியது. இங்கே லெட்டர்பாக்ஸ் நிறுவனம், அதாவது முகவரி மட்டுமே உள்ள நிறுவனம், என்று நாம் ஏளனமாகச் சொல்வது, அங்கே ஒரு பட்டதாரிக்கு மாதச் சம்பளம்.

அந்தப் பட்டதாரிகளில் தமிழ் வம்சாவளியினரும் உண்டு. பிரெஞ்சுக்காரர் காலத்தில் புதுச்சேரியிலிருந்து சென்ற கைவினைஞர்களிலிருந்தும், 1834-க்குப் பின் ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றவர்களிலிருந்தும் வளர்ந்த சமூகம் அது. அந்நாட்டு நூறு ரூபாய் நோட்டில் இருப்பது ரெங்கநாதன் சீனிவாசன் என்ற தமிழ் வம்சாவளித் தலைவரின் உருவம். நோட்டின் மதிப்பு ஆங்கிலத்துக்கு அடுத்தபடியாகத் தமிழிலும் பின்னர் இந்தியிலும் அச்சிடப்பட்டிருக்கும். 1998-இல் வரிசையை மாற்றி இந்தியை முன்னால் போட்டு வெளியான புதிய நோட்டுகள், தமிழர்களின் போராட்டத்துக்குப் பின் திரும்பப் பெறப்பட்டன. பணத்தாளில் எழுத்தின் இடத்துக்காகப் போராடிய அதே தீவில், எந்தத் தாளிலும் பெயர் வெளிவராத பெரும்பணம் கடந்து சென்றுகொண்டிருந்தது என்பது எனக்கு எப்போதும் விந்தையாகவே படும்.

மொரீசியஸின் வெற்றி பிற ஆப்பிரிக்க நாடுகளின் செலவில் வந்தது என்ற குற்றச்சாட்டுக்கும் அடிப்படை உண்டு. இந்திய வழி குறுகத் தொடங்கியதும் அது ஆப்பிரிக்காவின் நுழைவாயில் என்று தன்னை விளம்பரப்படுத்திக்கொண்டது. சுரங்கமும் தொலைபேசிக் கோபுரமும் ஆப்பிரிக்கப் பெருநிலத்தில் இருக்க, வட்டியும் லாபப் பங்கும் மொரீசியஸ் வழியாக வெளியேறின. செனகலும் ஜாம்பியாவும் தங்கள் ஒப்பந்தங்களை ரத்து செய்தன. இந்தியாவைப் போன்ற பேரம் பேசும் பலம் அந்த நாடுகளுக்கு இல்லை. வெளியேறுவது ஒன்றே அவற்றிடம் இருந்த ஆயுதம். நியாயமாகச் சொன்னால் மொரீசியஸ் இந்த ஆட்டத்தில் சிறிய ஆட்டக்காரர்தான். சர்வதேச நாணய நிதியத்தின் வெளியீட்டில் 2019-இல் வந்த ஓர் ஆய்வு, உலகின் நேரடி முதலீட்டில் ஏறத்தாழ 40 சதவீதம், அதாவது 15 லட்சம் கோடி டாலர், உண்மையான தொழில் எதுவும் நடக்காத வெற்று நிறுவனங்களில் நிற்கிறது என்று கணக்கிட்டது. அன்று சுமார் ஆறு லட்சம் மக்கள் வாழ்ந்த லக்ஸம்பர்க் காகிதத்தில் ஈர்த்த நேரடி முதலீடு அமெரிக்காவுக்கு இணையானது.

முகவரி தரும் மயக்கம் பணம் கிளம்பும் இடத்தோடு முடிவதில்லை, வந்து சேரும் இடத்திலும் இருக்கிறது. 2019 வரை இந்தியாவில் அந்நிய முதலீட்டை ரிசர்வ் வங்கியின் மண்டல அலுவலகங்களின்படியே கணக்கிட்டார்கள். தொழிற்சாலை ஸ்ரீபெரும்புதூரில் இருந்தாலும் பதிவு அலுவலகம் மும்பையில் என்றால், முதலீடு மும்பைக் கணக்கில் ஏறும். மகாராஷ்டிரத்தோடு தமிழ்நாட்டை ஒப்பிட்டுத் தொலைக்காட்சி விவாதங்களில் அந்த எண்களை வீசியவர்களில் எத்தனை பேர் அட்டவணையின் அடிக்குறிப்பைப் படித்திருப்பார்கள் என்பது சந்தேகமே.

2016 மே 10 அன்று ஒப்பந்தம் ஒருவழியாகத் திருத்தப்பட்டது. 2017 ஏப்ரல் 1 முதல் வாங்கப்படும் பங்குகளை விற்கும்போது இந்தியா வரி விதிக்கலாம்; முதல் இரண்டு ஆண்டுகளுக்கு அரை வரி; அந்தச் சலுகை வேண்டுமென்றால் அந்த நிறுவனம் மொரீசியஸில் ஓராண்டில் குறைந்தது 27 லட்சம் ரூபாயாவது செலவு செய்திருக்க வேண்டும். உண்மையான நிறுவனத்தையும் காகித நிறுவனத்தையும் பிரிக்கும் கோடு இவ்வளவு மலிவாக வரையப்பட்டதைப் பார்த்து அன்று அலுவலகத்தில் நாங்கள் சிரித்தோம். இருந்தாலும் விளைவு உடனே தெரிந்தது. 2018-19 நிதியாண்டில் சிங்கப்பூர் முதலிடத்துக்கு வந்தது. சிங்கப்பூரில் பெரிய வங்கிகள், முதலீட்டுக் குழுக்கள், அரசின் சொந்த நிதியங்கள் எல்லாம் இருப்பதால் அங்கிருந்து வரும் பணத்தில் உண்மையான சிங்கப்பூர்ப் பணத்தின் விகிதம் கூடுதல் என்பது உண்மையே. ஆனால் பெங்களூரில் பிறந்த ஃபிளிப்கார்ட்டின் தாய் நிறுவனமும் சிங்கப்பூரில்தான் பதிவாகியிருந்தது என்பதையும் சேர்த்துத்தான் அந்த எண்ணைப் படிக்க வேண்டும்.

இந்தியா இவ்வளவு காலம் பொறுத்துக்கொண்டதற்கு வரிக்கணக்கில் இல்லாத ஒரு காரணமும் உண்டு. இந்தியப் பெருங்கடலில் சீனாவின் வருகையைப் பற்றிக் கவலைப்படும் தில்லிக்கு, போர்ட் லூயிஸின் நட்பு தேவை. மொரீசியஸின் முதன்மைத் தீவிலிருந்து சுமார் 1,100 கிலோமீட்டர் வடக்கே, முந்நூறு பேர் வரை வசிக்கும் அகலேகா தீவில் இந்தியா கட்டிய விமான ஓடுபாதையும் படகுத்துறையும் 2024 பிப்ரவரி 29 அன்று திறக்கப்பட்டன. ஒரு வாரம் கழித்து, மார்ச் 7 அன்று, சலுகை பெறுவது முதன்மை நோக்கங்களில் ஒன்றாக இருந்தாலே ஒப்பந்தத்தின் பலன் கிடையாது என்று சொல்லும் திருத்த நெறிமுறையில் இரு நாடுகளும் கையெழுத்திட்டன. ஒன்றுக்கு ஒன்று விலை என்று நான் சொல்ல வரவில்லை. இரண்டும் ஒரே மேசையில் பேசப்படும் விஷயங்கள் என்பது மட்டும் தெளிவு.

இதற்கிடையில் இந்தியா தன் மண்ணிலேயே ஒரு மொரீசியஸைக் கட்டிக்கொண்டிருக்கிறது. அகமதாபாத்துக்கும் காந்திநகருக்கும் இடையே உள்ள கிஃப்ட் சிட்டி என்ற நிதி நகரத்துக்குத் தனி ஒழுங்குமுறை ஆணையம், பல ஆண்டு வரிவிலக்கு, வெளிநாட்டு நாணயத்தில் வணிகம் எல்லாம் உண்டு. நிஃப்டி என்ற இந்தியப் பங்குக் குறியீட்டை வைத்துச் சிங்கப்பூரில் நடந்த ஒப்பந்த வணிகம் 2023 ஜூலையில் அங்கே இடம் மாறியது. மொரீசியஸில் பதிவான நிதிகளை வரிச்சுமையின்றி அங்கே மாற்றிக்கொள்ள வருமான வரிச் சட்டத்தில் வழியும் செய்யப்பட்டிருக்கிறது. வேலைவாய்ப்பு போர்ட் லூயிஸுக்குப் பதில் குஜராத்தில் இருக்கும் என்பது லாபம்தான். ஆனால் விட்டுக்கொடுக்கப்படும் வரி எவ்வளவு, அதற்கு ஈடாக ஆலைகளிலும் சாலைகளிலும் எவ்வளவு புதிய மூலதனம் வந்தது என்ற கணக்கை மொரீசியஸுக்காக அரசு முப்பது ஆண்டுகளில் முழுமையாக மக்கள் முன் வைக்கவில்லை. கிஃப்ட் சிட்டிக்காவது ஆண்டுதோறும் அதை நாடாளுமன்றத்தில் வைக்கட்டும், எஃப்.சி.-ஜி.பி.ஆர். படிவத்தை வைத்து வெளியாகும் நாடுவாரி அட்டவணைக்குப் பக்கத்திலேயே, பணத்தின் இறுதி உரிமையாளர் எந்த நாட்டவர் என்று காட்டும் இன்னோர் அட்டவணையும் வரட்டும். அந்தத் தகவலில் பெரும்பகுதி வங்கிகளிடமும் பங்குச்சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியிடமும் ஏற்கெனவே இருக்கிறது.